பிள்ளை பிறந்தது அங்கே, பிள்ளையின் ஊர் இங்கே

வாசக சகோதரிகளே, உங்களுடைய பிறப்புச் சான்றிதழ் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வீர்களா? எங்கள் வீட்டில் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அலுமாரியின் மேல்தட்டில், பழைய பால்மா ரின்னுக்குள், இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி வைத்திருக்கிறோம். மற்ற வீடுகளில் நகை வைக்கிற இடத்தில் எங்கள் வீட்டில் கடதாசி இருக்கிறது. வைக்க நகை இல்லை என்பது வேறு கதை.

அந்த ரின்னுக்குள் இருப்பவற்றில் ஒன்றை எடுக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு வருடம் பிடித்தது. என் மகளின் பிரசாவுரிமைச் சான்றிதழ் அது. அதைப்பற்றி எழுதும்படி இந்த இதழின் பொறுப்பாளர் அக்கா கேட்டபோது, "இது என்ர வீட்டுக் கதைதானே அக்கா, ஆர் வாசிப்பினம்?" என்றேன். "உங்கட வீட்டுக் கதை எண்டு நினைச்சுக்கொண்டு எத்தினை வீட்டில பேசாமல் இருக்கினமோ" என்றார். ஆகையால் எழுதுகிறேன்.

கடல் தாண்டிய மூன்று பேர்

என் அம்மம்மா வேதாரணியத்தில் பிறந்தவர். 1938இல் கலியாணம் முடித்து, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் திருகோணமலைக்கு வந்தார். அம்மப்பாவுக்குத் துறைமுகத்தில், வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் வேலை. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே இருந்தது உங்களுக்குத் தெரியும். அம்மம்மா சொன்ன பயணக் கதையில் கடவுச்சீட்டு என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. கப்பலில் வாந்தி எடுத்ததும், பக்கத்தில் இருந்த ஒரு கிழவி தேசிக்காய் தந்ததும்தான் வரும். அக்காலத்தில் இரண்டு கரையும் ஒரே முடியின் கீழ் இருந்தன. அதற்காக எல்லோரும் சுகமாக வந்துபோனார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரை மண்டபத்தில் தொற்றுத்தடுப்பு முகாமில் அடைத்துவைத்து, அம்மை, வாந்திபேதி இல்லை என்று கண்ட பிறகுதான் கப்பலேற விட்டார்கள். அதே மண்டபம் முகாம்தான் பின்னாளில் எங்களுக்கு அகதி முகாம் ஆனது.

கடல் தாண்டிய இரண்டாவது ஆள் நான். பாலையூற்றில் பிறந்து வளர்ந்தேன். 1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டபோது எனக்குப் பதினான்கு வயது. காடும் கால்நடையுமாய் மடுவுக்குப் போய், பேசாலைக்குப் போய், ஓர் இரவு மீன்பிடி வள்ளத்தில் ஏறினோம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். அம்மம்மா எந்த வழியால் வந்தாரோ அந்த வழியால் நாங்கள் திரும்பிப் போனோம். அவர் எங்களுடன் வரவில்லை. "நான் ஒருக்காக் கடல் தாண்டினது காணும்" என்று சொல்லிக் கோயிலடியில் இருந்துவிட்டார். வேதாரணியத்துக்காரி திருகோணமலையில் இருந்தார். திருகோணமலைக்காரிகளான நாங்கள் இராமேஸ்வரத்தில் இறங்கினோம்.

இறங்கியவுடன் பதிவு. அன்றிலிருந்து நான் அகதி. ஆனால் அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியாவும் கையெழுத்திடவில்லை, இலங்கையும் கையெழுத்திடவில்லை. எனவே அங்குள்ள சட்டத்தின்படி நான் ஒரு வெளிநாட்டாள், அவ்வளவுதான். நன்றியில்லாமல் பேசக்கூடாது: அரிசி தந்தார்கள், பணக்கொடை தந்தார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நான் பத்தாம் வகுப்புப் படித்தது அங்கேதான். மண்டபத்தில் இருந்து எங்களைக் கும்மிடிப்பூண்டி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே 2003இல், சம்பூரைச் சேர்ந்த ஒருவரைக் கலியாணம் செய்தேன். அவர் பெயின்ற் அடிக்கிற வேலை. முகாமுக்குள் இருந்த பிள்ளையார் கோவிலில் தாலி கட்டினோம். ஐயரும் சனமும் சாட்சி. பதிவு செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் எந்த நாட்டின் பதிவேட்டில் என்று கேட்டிருப்போம்.

2005 பெப்ரவரியில் மகள் பிறந்தாள். அவள்தான் மூன்றாவது ஆள்.

இந்த இடத்தில் திகதி முக்கியம், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இந்தியச் சட்டத்தின்படி 1987 ஜூலை 1ஆம் திகதிக்கு முன் அந்த மண்ணில் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள். அதற்குப் பிறகு பிறந்தால் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3ஆம் திகதியிலிருந்து இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக்கூடாது. எங்கள் இருவரிலும் ஒருவர்கூட இந்தியரில்லை. ஆகவே கும்மிடிப்பூண்டிப் பிள்ளை இந்தியப் பிள்ளை இல்லை. இலங்கைப் பிள்ளையா என்றால், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரக வழியாகப் பதிந்திருக்க வேண்டும். முகாமில் பத்துக்குப் பத்து அடி வீட்டில், ஒரு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்த எனக்கு அது தெரியாது. இப்படியாக என் மகள் ஆறு வயதுவரை எந்த நாட்டின் கணக்கிலும் இல்லாமல், நல்ல சுகத்தோடும் இரட்டைப் பின்னலோடும் வளர்ந்தாள்.

இந்தியாக்காரி

போர் முடிந்து 2011இல், ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு நானும் மகளும் விமானத்தில் கொழும்புக்கு வந்தோம். வாழ்க்கையில் முதல் விமானம். கணவர் வரவில்லை. "எங்க வாறது? சம்பூரில என்ர காணிக்குள்ள போக ஏலாதே" என்றார். அவர் சொன்னதும் சரிதான். சம்பூரை 2007இல் உயர் பாதுகாப்பு வலயம் என்றார்கள். பிறகு 2012இல் கைத்தொழில் வலயம் என்று வர்த்தமானி போட்டார்கள். சனம் கிளிவெட்டி முகாமில் கிடந்தது. காணி விடுபட்டது 2015, 2016இல்தான். அந்த வருடம்தான் அவரும் வந்து சேர்ந்தார். கிணறு தூர்ந்து கிடந்தது, எல்லைக்கு நின்ற பனை இரண்டும் மட்டும் நின்றன.

இதற்குள் ஒரு விசயம். அவர் கால் வைக்க முடியாத அந்தச் சம்பூரில் இந்திய அரசின் மின்சாரக் கம்பனி ஒன்று நிலக்கரி மின்நிலையம் கட்டுவதற்கு 2006 முதலே பேச்சு நடந்தது. 2016இல் அது கைவிடப்பட்டு, இப்போது சூரிய மின்சாரம் என்று 2025 ஏப்ரலில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் சேர்ந்து தொடக்கி வைத்தார்கள். சீனக்குடாவில் இருக்கும் வெள்ளைக்காரர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99ஐப் பற்றியும் இரண்டு அரசுகளும் இருபது வருடமாக ஒப்பந்தம் பேசி வருகின்றன. வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, மின்சாரம் வரட்டும். அரசுகளும் கம்பனிகளும் இந்தக் கடலை இலேசாகத் தாண்டிவிடுகின்றன. தாய் பிள்ளை தாண்டினால்தான் பதிவு, விசாரணை, தண்டப்பணம்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் சேர்த்தபோது தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள்தான் சேர்க்கவில்லை. "சோப்பு", "சீக்கிரம்", "பேசாத" என்று அவள் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். சவர்க்காரம், கெதியா, கதைக்காத என்று நாங்கள் வீட்டில் வைத்துத் திருத்தினோம். 'இந்தியாக்காரி' என்ற பட்டம் மூன்றாம் வகுப்புவரை போகவில்லை. ஒருநாள் அழுதுகொண்டு வந்து, "அம்மா, அங்க எங்கள 'சிலோன்காரங்க'ன்னு சொன்னாங்க. இங்க ஏன் இந்தியாக்காரின்னு சொல்றாங்க?" என்று கேட்டாள். அவளுடைய தகப்பன் அக்கரையில், அம்மம்மா முறையானவர்கள் வேதாரணியத்தில், பள்ளிக்கூடம் இங்கே. என்ன பதில் சொல்வது? "உனக்கு இரண்டு ஊர்" என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிறகு தானே சொல்லித் திரிந்தாள்.

பிள்ளைக்கு அது போதும். திணைக்களத்துக்குப் போதாது.

தகப்பன் எங்கே?

பத்தாம் வகுப்பில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பம் கேட்டார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு அது வேண்டும். ரீச்சர் மகளின் படிவத்தைத் திருப்பித் தந்து, "அம்மாவை வரச் சொல்லுங்கோ" என்றார். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை என்றால் பிரசாவுரிமைச் சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை இல்லை. அது 2020. கொரோனாவால் எல்லாம் மூடிக் கிடந்து, அடுத்த வருடக் கடைசியில்தான் ஓடத் தொடங்கினேன்.

முதலில் போன ஓர் அலுவலகத்தில் (எது என்று சொல்ல மாட்டேன், அங்கே பிறகும் எனக்கு வேலை இருக்கிறது) மேசையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளையின் தகப்பன் எங்கே?"

"வெளியில நிக்கிறார், சேர்."

"கலியாணப் பதிவு?"

"கோயிலில தாலி கட்டினது. பதியேல்லை."

"அப்ப தகப்பன் எண்டு எப்பிடிச் சொல்றது?"

வெளியில் நின்ற மனிதரைக் கூப்பிட்டேன். அவருடைய பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். சம்பூரில் வீட்டில் பிறந்தவர். சான்றிதழில் ஒரு பெயர், அங்கே முகாம் பதிவில் இன்னொரு பெயர். "தகப்பனின் பத்திரத்தைச் சரிப்படுத்திக்கொண்டு வாங்கோ, பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள். வழியில் இவர் சிரித்துக்கொண்டு, "பதினாறு வருசம் கழிச்சு நான் தகப்பனோ இல்லையோ எண்டு அரசாங்கத்துக்குச் சந்தேகம் வந்திட்டுது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சைக்கு ஆறு மாதம்தான் இருந்தது.

இரவில் எனக்கு உறைத்தது வேறொரு விசயம். அந்த மேசையில் அரைமணித்தியாலம் பேசினோம். ஒருவராவது என்னை, அதாவது பெற்றவளை, எந்த நாட்டுக்காரி என்று கேட்கவில்லை.

எங்கள் பெண்கள் சங்கத்துக்கு மாதம் ஒருமுறை வரும் சட்டத்தரணித் தங்கச்சியிடம் சொன்னேன். அவர் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: "அக்கா, 2003க்குப் பிறகு தாய் இலங்கையாள் எண்டாலே காணும்." 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன் வழியாகத்தான் பிரசாவுரிமை. தாய் வழி என்பது கலியாணம் செய்யாமல் பிறந்த பிள்ளைக்கு மட்டும். 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றி, தாயோ தகப்பனோ யாராவது ஒருவர் என்று ஆக்கியது. என் மகள் பிறந்தது 2005. சட்டம் மாறிப் பதினெட்டு வருடமாகியும் அந்த மேசைக்கு அது போய்ச் சேரவில்லை. எனக்கும் போய்ச் சேரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் மட்டும் பிந்தியவர்கள் அல்ல. பிரித்தானியாவில் பிறநாட்டில் பெற்ற பிள்ளைக்குத் தாய் தன் குடியுரிமையைக் கொடுக்க முடிந்தது 1983இலிருந்துதான். இந்தியாவில் 1992இலிருந்து. ஆபிரிக்காவில் பொட்ஸ்வானா நாட்டில் யூனிற்றி டௌ என்ற பெண் சட்டத்தரணி அமெரிக்கரைக் கலியாணம் செய்தவர். தன் நாட்டிலேயே, தன் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் அந்நியர் என்று சட்டம் சொன்னதை எதிர்த்து வழக்காடி, 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றார். பின்னர் அந்த நாட்டின் மேல்நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாக வந்தார். இன்றைக்கும் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தகப்பனுக்கு இருக்கும் உரிமை தாய்க்கு இல்லை. குவைத்தும் கட்டாரும் அவற்றில் சேர்த்தி. மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து எத்தனை சகோதரிகள் அந்தப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இரண்டு பெயர், ஒரே ஆள்

தாய் வழி போதும் என்று ஆனதும் என்னுடைய கடதாசிகளைத் தேடத் தொடங்கினோம். பதினான்கு வயதில் போனவளுக்கு என்ன கடதாசி இருக்கும்? திரும்பி வந்து எடுத்த அடையாள அட்டை இருந்தது. கச்சேரியில் 1976ஆம் ஆண்டுப் பதிவேட்டில் என் பிறப்பைத் தேடிப் புதுப் பிரதி எடுத்தேன். அதில் இருப்பது அப்பா ஆசையாக வைத்த நீளமான பெயர். மகளின் தமிழ்நாட்டுச் சான்றிதழில் தாயின் பெயர் என்று இருப்பதோ என் வீட்டுப் பெயர். பிரசவ விடுதியில் நோவோடு கிடந்தபோது யாரோ கேட்டார்கள், பக்கத்தில் நின்ற மாமி வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அதோடு அங்கே தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவார்கள், இங்கே முழுப்பெயரும் கேட்பார்கள்.

சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்தேன். இந்தப் பெயரால் அழைக்கப்படுபவளும் அந்தப் பெயரால் அழைக்கப்படுபவளும் ஒரே ஆள் என்று நானே என்னைப்பற்றிச் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தேன். கிராம உத்தியோகத்தர் அதற்கு ஒரு கடிதம் தந்தார். நல்ல மனிசன், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோதும் முகம் சுழிக்கவில்லை.

பரீட்சையை மகள் தற்காலிக அடையாளக் கடிதத்தோடு எழுதினாள். அது 2022 மே மாதக் கடைசி. நாட்டில் எரிபொருள் இல்லை, பால்மா இல்லை, காஸ் இல்லை என்று சனம் வீதியில் நின்ற காலம். ஜூனில் இரவு ரயிலில் நாங்கள் இருவரும் கொழும்புக்குப் போய், விடியப் பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் முன்னால் போய் நின்றோம். வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. முதல்நாள் இரவே பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் எழும்பிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கடவுச்சீட்டுக்கு. நாட்டை விட்டுப் போவதற்கு.

ஒரு சிங்கள அம்மா என்னிடம் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், நாங்கள் போக வரவில்லை, மகளை இந்த நாட்டில் பதிய வந்திருக்கிறோம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பவா?" என்றார். பிறகு தன் போத்தலில் இருந்த பிளேன் ரீயில் எனக்கும் மகளுக்கும் ஊற்றித் தந்தார்.

அந்த மார்ச்சில்தான் மன்னார்ப் பக்கமிருந்து 16 பேர் வள்ளமேறித் தனுஷ்கோடியில் இறங்கியிருந்தார்கள். பிறகு எங்கள் மாவட்டத்திலிருந்தும் போனார்கள். குண்டுக்குப் பயந்து அல்ல, அரிசி விலைக்குப் பயந்து. எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை என்றில்லை. இவர் ஒருநாள் மெதுவாக, "திரும்பிப் போவமோ?" என்று கேட்டார். நான் அந்தப் பால்மா ரின்னைக் காட்டினேன்.

உள்ளே குடியுரிமைப் பிரிவில் எங்களோடு மரியாதையாகவே நடந்தார்கள். தாமதத்துக்கான கட்டணம் கட்டினோம். இன்னும் ஒரு கடிதம் குறைகிறது என்றார்கள், கொண்டுபோய்க் கொடுத்தோம். மழைக்காலம் தொடங்கியபோது சான்றிதழ் கைக்கு வந்தது.

பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா

என் கதை சின்னக் கதை என்று எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பாட்டியம்மா. மலைநாட்டில் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்து மக்களை ஒரே கீறலில் நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964 ஒக்ரோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பிரித்தார்கள்: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு. மிச்சம் இருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதி பாதியாக்கினார்கள். மக்களை யாரும் கேட்கவில்லை.

பாட்டியம்மாவின் அண்ணன் இந்தியப் பங்கில் போய்விட்டார். நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு வைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலை. "தாயகம்னு சொன்னாங்க. அவர் பொறந்ததே ஹட்டன்லதாம்மா" என்பார். இவர் இந்தப் பங்கு. அண்ணனும் தங்கையும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். இவருக்கு முழுப் பிரசாவுரிமை என்று ஒரு கடதாசி கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான். அண்ணன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மலைநாட்டிலிருந்து வடக்குக் கிழக்குக்கு வந்து, பிறகு போரில் அகதியாகத் தமிழ்நாட்டுக்கும் போனவர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சேர்க்க 2009இல் இன்னொரு திருத்தம் வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பார்க்கையில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. எந்த அரசும் ஒரு ஆளுக்கு ஓர் ஊர், ஒரு பெயர், ஒரு கொடி என்றுதான் படிவம் அச்சடிக்கிறது. நாங்கள் அப்படி வாழவில்லை. கலியாணம் அந்தக் கரையில், காணி இந்தக் கரையில், குலதெய்வம் ஒரு பக்கம், செத்தவீடு மறுபக்கம். அரசுக்கு இது புரியாமல் இல்லை என்பதற்கும் சாட்சி உண்டு. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் உறவினர் கட்டணம் கட்டி இரட்டைப் பிரசாவுரிமை எடுக்க 1987இலேயே வழி வைத்தார்கள். நடுவில் நிறுத்தி, 2015இல் மீண்டும் தொடங்கினார்கள். பாராளுமன்றத்துக்கு மட்டும் அவர்கள் போட்டியிட முடியாது என்று 2022இல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். ஆக, இரண்டு நாடு ஒரு நெஞ்சில் இருக்கலாம் என்று சட்டத்துக்குத் தெரியும். ஆனால் அது விமானத்தில் வருகிறவர்களுக்கு. வள்ளத்தில் போனவருக்கு வேறு சட்டம். 2025 மே மாதம், தமிழ்நாட்டிலிருந்து முறைப்படி உதவி பெற்றுத் திரும்பிய ஒரு முதியவரை, அந்நாளில் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். உயிர் தப்பப் போனவர் எந்தத் துறைமுகத்தில் முத்திரை குத்தியிருக்க வேண்டும்? எதிர்ப்பு எழுந்த பிறகு இந்த நடைமுறையை மாற்றுவதாக அரசு சொன்னது.

அதற்காக அரசே வேண்டாம், எல்லையே வேண்டாம் என்று பேசுகிற படித்த ஆட்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. அவர்களிடம் கடவுச்சீட்டு இருக்கிறது. கடதாசி இல்லாத பெண் எப்படி வாழ்கிறாள் என்பதை நான் முகாமில் பார்த்தவள். அடித்தவனைப் பற்றி முறையிட அவளுக்குப் பயம், கூலி கேட்கப் பயம். எங்களுக்கு அரசு வேண்டும். பெற்றவளின் சொல்லையும் ஒரு சான்றாக எடுக்கிற அரசு வேண்டும்.

இதே நிலையில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல்: பிள்ளைக்குப் பரீட்சை வரும்வரை இருக்காதீர்கள். பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றிலும் உங்கள் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் சத்தியக்கடதாசியில் இருந்து தொடங்குங்கள். கலியாணப் பதிவு இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், 2003ஆம் ஆண்டுத் திருத்தம், தாய் வழி என்று சொல்லுங்கள். சண்டை பிடிக்க வேண்டாம், இன்னொருமுறை சொல்லுங்கள். இன்னும் அக்கரையில் இருப்பவர்கள் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியலாம். அந்த வேலையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் மக்களுக்கு நெடுங்காலமாக உதவி வந்திருக்கிறது.

2024 செப்ரெம்பர் 21ஆம் திகதி மகள் முதல்முறையாக வாக்களித்தாள். சனாதிபதித் தேர்தல். இடது கைச் சின்னிவிரலில் மை. வீட்டுக்கு வந்து அதைப் போட்டோ எடுத்துக் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் தன் சிநேகிதிக்கு அனுப்பினாள். இருவரும் ஒரே வருடம், ஒரே முகாமில் பிறந்தவர்கள். அந்த வருடம் ஏப்ரலில் இந்தியாவிலும் தேர்தல் நடந்தது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், பிறந்த திகதியைக் காட்டி மதுரையில் உயர்நீதிமன்றத்துக்குப் போய்த் தன் உரிமையைப் பெற்று, முகாமிலிருந்து முதல் ஆளாகத் திருச்சியில் வாக்களித்தார் என்று செய்தி வந்தது. சிநேகிதி பிறந்தது பத்தொன்பது வருடம் பிந்தி. அவளுக்கு அந்த வழி இல்லை. 2019இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கையின் பெயர் இல்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா இல்லை என்று தண்டிப்பதில்லை என்று 2025இல் ஓர் உத்தரவு வந்தது. இருக்கலாம். அவ்வளவுதான். இங்கே பதியவும் அவள் தாயிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

மகளின் போட்டோவுக்கு அவள் குரல்செய்தி அனுப்பியிருந்தாள். "ஏய், அங்க சுண்டுவிரல்லயா மை வைக்கிறாங்க? இங்க ஆள்காட்டி விரல்டி."

போன கிழமை அவளுடைய தாய் என்னோடு பேசினார். நிலாவெளியில் பிறந்தவர், 1974 அல்லது 75, மார்கழி மாதம், மழை என்று அவருடைய அம்மா சொன்னதாக நினைவு. தகப்பன் பெயரும் ஊரும் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பதிவாளர் பிரிவில் இரண்டு வருடத்துப் பதிவேட்டையும் பார்க்கப் போகிறேன். வெள்ளனப் போனால்தான் துண்டு கிடைக்கும்.